அலமாரிக் கதவும் தச்சர் தலையும்

அன்பர்களே, மனிதனின் தலை ஓர் அற்புதம்! ஓர் உலகத்தையே உள்ளே வைத்திருக்கும். தனக்கு என்ன நேர்ந்தது என்பதை மட்டும் அறியாது. இதை உணராமல்தான் நம் தச்சர் அன்று பிற்பகல் உறுதி பூண்டார்: உயிரே போனாலும் மருத்துவமனை வாசலை மிதிப்பதில்லை!

காரணம், உச்சந்தலையில் அப்போதுதான் கைக்குத் தட்டுப்பட்ட எலுமிச்சையளவு வீக்கம். காலையில் சமையலறைத் தொட்டிக்கடியில் குனிந்து கீல் பொருத்தியவர், மேலே திறந்து கிடந்த அலமாரிக் கதவை மறந்து விருட்டென்று நிமிர்ந்துவிட்டார். அவரே இழைத்து மாட்டிய கதவு. அவர் கைவேலை என்றைக்குமே உறுதியானது.

இப்போது கருவிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பின்கதவு வழியே நழுவினார். இரண்டாம் மாடிச் சாரத்தில் கூரைச்சட்டம் காத்திருந்தது. பின்கதவில் மனைவி காத்திருந்தாள்.

"எங்க கிளம்பியாச்சு?"

"சாரத்து வேலைக்கு. ஆஸ்பத்திரிப் பேச்சே எடுக்காதே! நான் மயங்கி விழுந்தேனா? ரத்தம் கொட்டுச்சா?"

"மயக்கம் வராமலே மூளை குலுங்குமாங்க. கண்ணு கூசுறது, குமட்டுறது, கேட்டதையே திரும்பக் கேக்கிறது, நடந்தது மறந்துபோறது, எல்லாம் அதோட அடையாளந்தானாம்."

"எனக்கா மறதி? நம்ம கல்யாணத்தன்னிக்கு உங்கண்ணன் என்னை முறைச்சது வரைக்கும் ஞாபகம் இருக்கு!"

"அது பழைய கதை. இன்னிக்குக் காலையில எங்க இருந்தீங்க?"

"வீட்டுலதான்."

"அப்ப மணிக்கட்டுல என்ன?"

பார்த்தார். மருத்துவமனைக் காகிதப் பட்டை! அவர் பெயர், அவர் வயது, அன்றைய தேதி. வாழ்நாளில் இரண்டு மணி நேரம் சுவடின்றிக் கரைந்து போயிருந்தது. கருவிப்பை தானாகவே தரையிறங்கியது.

"போயிட்டே வந்துட்டோமா?"

"இதையும் நாலாவது தடவையாக் கேக்கறீங்க. ரத்தக்கசிவு இல்லையாம். ஆனா ஏணி, சாரம், வண்டி எதுவும் கூடாது. வாந்தி எடுத்தாலோ, தலைவலி ஏறினாலோ, பேச்சு குழறினாலோ உடனே வரச் சொன்னார் டாக்டர்."

நம் மூளை நம்மைக் கைவிடும் வேளையில் இன்னொருவர் மூளை நமக்காக விழித்திருப்பது எத்தகைய பேறு, அன்பர்களே! மலையை அண்ணாந்து பார்ப்பவர்போல் மனைவியைப் பார்த்தார் தச்சர்.

"நான்தான் மாட்டேன்னு அடம் பிடிச்சிருப்பேனே? எப்படிக் கூட்டிட்டுப் போனே?"

"பத்தே நிமிஷத்துல அடிபட்டதே உங்களுக்கு மறந்துபோச்சு. எனக்குத்தான் அடின்னு தலையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தேன். 'தலையில பட்ட அடி, அலட்சியம் கூடாது'ன்னு வழியெல்லாம் எனக்குப் புத்தி சொல்லி, கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போனதே நீங்கதாங்க!"