கட்டுப்பாடு என்றொரு பலகை

சோமசேகரம் மாஸ்ரரின் பலகையில் ஒரு தும்பி வந்து உட்கார்ந்தது. அனுமதி கேட்காமல் உட்கார்ந்ததுதான் அவருக்குப் பிடிக்கவில்லை. தோளில் கிடந்த துவாயை எடுத்து வீசினார். தும்பி எழும்பி, வேலிக்கு மேலால் சிமியோனின் தோட்டத்துக்குப் போய்விட்டது.

"ஒழுங்கில்லாததெல்லாம் அங்கைதான் போகும்," என்று சொல்லிவிட்டு, அதே துவாயால் பலகையைத் துடைத்தார். வெள்ளைத் தகரத்தில் நீல எழுத்தில் ஒரே ஒரு சொல் எழுதியிருந்தது: கட்டுப்பாடு.

பல்கலைக்கழகத்தில் விவசாயம் படிக்கும் லவீனா என்ற பெண் போன கிழமை வந்து நட்ட பலகை அது. கத்தரித் தோட்டங்களில் பூச்சிகளை எண்ணி ஆய்வு செய்கிறாளாம். மாஸ்ரரின் தோட்டத்தில் ஒரு பலகை, வேலிக்கு அந்தப் பக்கம் சிமியோனின் தோட்டத்தில் இன்னொன்று. வழக்கமாகச் செய்வதையே செய்யுங்கோ, எங்களுக்காக ஒன்றையும் மாற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். கடைசியில் வயல் விழா நடக்கும், பேராசிரியர் வருவார், தோட்டம் தந்த இரண்டு பேருக்கும் பொன்னாடை போர்த்துவோம் என்றும் சொன்னாள்.

பொன்னாடை என்று கேட்டதும் மாஸ்ரர் மேற்கொண்டு ஒன்றும் விசாரிக்கவில்லை. தெல்லிப்பழைப் பக்கத்துப் பள்ளிக்கூடமொன்றில் முப்பத்தொரு வருடம் ஒழுக்கத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் அவர். காலையில் பிரம்போடு வாசலில் நின்று, பிந்தி வந்தவனையும் மயிர் வளர்த்தவனையும் பிடித்தவர். ஆனால் அவர் ஓய்வு பெற்ற நாளில் நாடு முழுக்க ஊரடங்கு. மாலையில்லை, பேச்சில்லை, பொன்னாடையில்லை. வட்ஸ்அப்பில் ஒரு பூங்கொத்துப் படம் வந்தது, அவ்வளவுதான். அந்தக் குறை அவர் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. யாருக்காவது பொன்னாடை போர்த்தும் படம் பேப்பரில் வந்தால், அந்தப் பக்கத்தை எடுத்து, படம் கீழே இருக்கும்படி அலுமாரித் தட்டில் விரித்துவிடுவார்.

சிமியோனின் பலகையில் 'இயற்கை எதிரிகள்' என்று எழுதியிருந்தது. மாஸ்ரர் அதை வேலி இடுக்கால் இரண்டு தரம் வாசித்துவிட்டு, சிரித்துக்கொண்டு குசினிக்கு வந்தார்.

"பாத்தீரே பத்மா, அந்தப் பிள்ளை ஒரு பார்வையிலை ஆளை மட்டுக்கட்டியிட்டுது. நான் கட்டுப்பாடு. சிமியோனும் பெண்சாதியும் இயற்கைக்கு எதிரியள்."

மனைவி பத்மாவதி தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். "உப்பிடி ஒராளின்ரை தோட்டத்திலையே எழுதி வைப்பினமே? என்னெண்டு அந்தப் பிள்ளையைக் கேட்டனீங்களோ?"

"வாசிக்கத் தெரிஞ்சவன் ஏன் கேக்க வேணும்?"

உண்மையைச் சொன்னால் சிமியோனுக்கு இயற்கையில் பற்றும் இல்லை, பகையும் இல்லை. இருந்ததெல்லாம் சோம்பல். தன் பங்கு வேலிகளை வெட்ட வேண்டும் என்று மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கரையில் புல் முளைத்தால், ஆடு தின்னும் என்று விட்டுவிடுவார். பலகை வந்ததும் அதில் சட்டையைக் கழற்றிக் கொழுவினார்.

அந்தக் கிழமையே மாஸ்ரரின் நாலைந்து இலைகளுக்குக் கீழே அழுக்கணவன் தெரிந்தது. சின்னஞ்சிறு பச்சைப் பூச்சிகள், கூட்டமாக இருந்து சாறு உறிஞ்சுபவை. மாஸ்ரர் உடனே பூச்சிமருந்துக் கடைக்குப் போனார். கடைக்காரன் மயூரதன் அவருடைய பழைய மாணவன். எட்டாம் வகுப்பில் பிந்தி வந்து அவரிடம் முழங்காலில் நின்றவன். இப்போதும் அவரைக் கண்டால் எழும்பி நின்று, இருப்பதில் பெரிய போத்தலாகப் பார்த்து எடுத்துக் கொடுப்பான்.

மருந்து நன்றாக வேலை செய்தது. அழுக்கணவன் செத்தது. அழுக்கணவனைத் தின்ன வந்திருந்த, முதுகில் கறுப்புப் புள்ளி வைத்த சிவப்பு வண்டுகளும் செத்தன. மூலையில் வலை கட்டியிருந்த சிலந்திகளும் செத்தன. களவெடுத்தவனையும் அதைக் காட்டிக்கொடுத்தவனையும் ஒரே வரிசையில் முழங்காலில் விடுவது மாஸ்ரரின் பழைய முறை என்பதால், அவருக்கு இதில் பிழையொன்றும் தெரியவில்லை.

பத்து நாளில் அழுக்கணவன் திரும்பி வந்தது, முந்தியதைவிட இரட்டிப்பாக. இம்முறை வெள்ளை ஈயையும் கூட்டிக்கொண்டு வந்தது. தின்ன ஒரு வண்டுகூட இல்லாததால் இரண்டும் சுகமாகக் குடியிருந்தன. மாஸ்ரர் வேலியருகில் போய் நின்று யோசித்தார். கிளுவையும் பூவரசும் கொடியும் பின்னிக் கிடந்த வேலி. அதற்குள் ஓணான், செண்பகம், புலுனிக் குருவிக் கூட்டம், இன்னும் பெயர் தெரியாத எத்தனையோ.

"உதாலைதான் வருகுது," என்று முடிவு கட்டினார்.

நடுவிலிருந்த அந்த வேலி, காணி எல்லையில் அவருடைய பங்கு. இரண்டே நாளில் தறித்து எரித்தார். கனடாவிலிருக்கும் மகனுக்குச் சொல்லி, அந்த இடத்தில் ஆளுயரத்துக்குச் சீமெந்து மதில் எழுப்பினார். மதில் எழும்பிய அன்று புலுனிகள் அதன் மேலிருந்து பின்னேரம் வரைக்கும் கத்தின. வரிசையாக இருந்து கத்தியதால் மாஸ்ரர் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு அவை சிமியோனின் மற்ற வேலிகளுக்குக் குடிபெயர்ந்தன.

வெள்ளை ஈ மதிலைப் பொருட்படுத்தவில்லை. மேலால் வந்தது. பொறுக்கித் தின்ன புலுனி இல்லாமல் போனதால் புழுக்களும் வந்தன. இலையைத் தின்றது ஒன்று, காயைத் துளைத்தது இன்னொன்று.

லவீனா வந்தபோது மதிலைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

"வேலி எங்கை, சேர்?"

"ஒழுங்குபடுத்தியிட்டன், பிள்ளை."

அவள் கொப்பியை எடுத்து இரண்டு பக்கம் எழுதினாள். செடி செடியாகக் குனிந்து எண்ணினாள். போகும்போது அவள் முகத்தில் உண்மையான நன்றி தெரிந்தது. "உங்களை மாதிரி ஒராள் கிடைச்சது எங்கடை அதிர்ஷ்டம், சேர்," என்றாள்.

இப்படிச் சொன்னால் மனிதன் சும்மா இருப்பானா? மாஸ்ரர் உதிர்ந்த இலைகளைக் கூட்டி எரித்தார். தண்ணீர்த் தாங்கிக்குக் கீழேயிருந்த குளவிக் கூட்டுக்குப் பந்தம் பிடித்தார். அந்தக் குளவிகள் புழுக்களைத் தூக்கிக்கொண்டு போய்த் தங்கள் குஞ்சுகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தவை. பிறகு மயூரதனிடம் போய் இரண்டு மருந்துகளை ஒன்றாகக் கலந்து வாங்கிவந்து அடித்தார். பூவுக்கு வந்துகொண்டிருந்த கறுத்த வண்டுகள் அதற்குப் பிறகு வரவில்லை. பூ பூத்தது, வாடியது, விழுந்தது. புழு மட்டும் இரண்டு நாள் மயங்கிக் கிடந்துவிட்டு எழும்பிச் சாப்பிடத் தொடங்கியது.

வீட்டில் கத்தரிக்காய்க் குழம்புக்கு மட்டும் குறைவில்லை. சிமியோனின் மனைவி றோஸ் ஒரு பையில் காயைப் போட்டுக் கயிறு கட்டி மதிலுக்கு மேலால் இறக்குவார். பத்மாவதி பையை அவிழ்த்துக்கொண்டு சத்தமில்லாமல் உள்ளே போவார். "என்ன இருந்தாலும் எங்கடை காயின்ரை ருசி வேறைதான்," என்பார் மாஸ்ரர். பத்மாவதி இன்னொரு கரண்டி விடுவார்.

விழாவுக்கு ஒரு கிழமை இருக்கும்போது தோட்டம் கூட்டுகிற தும்புத்தடிகளை நட்டுவிட்ட மாதிரி நின்றது. நிரை மட்டும் நூல் பிடித்தாற்போல் நேராக இருந்தது. மாஸ்ரருக்கு முதல்முறையாகப் பயம் பிடித்தது. இந்தக் கோலத்தைப் பார்த்தால் பொன்னாடை தருவார்களா? வெட்கத்தை விட்டு லவீனாவுக்குப் போன் எடுத்து, காய் கொஞ்சம் குறைவு, விழாவைத் தள்ளிவைக்க முடியுமா என்று கேட்டார்.

லவீனா பதறிப்போனாள். "தயவுசெய்து ஒண்டையும் தொடாதேங்கோ, சேர். இப்ப இருக்கிற மாதிரித்தான் எங்களுக்கு வேணும். உங்கடை தோட்டம் இல்லாட்டி இந்த ஆய்வே இல்லை."

மாஸ்ரர் போனை வைத்துவிட்டு நெடுநேரம் யோசித்து ஒரு தெளிவுக்கு வந்தார். காய்ப்பது செடியின் வேலை. கட்டுப்பாடு மனிதனின் வேலை. பொன்னாடை போர்த்துவது மனிதனுக்குத்தான். பள்ளிக்கூடத்திலும் அவர் காலத்தில் சோதனை முடிவுகள் அப்படி இப்படித்தான் இருந்தன. ஆனால் வரிசை நேராக இருந்தது.

விழா சிமியோனின் பக்கம் நடந்தது. மாஸ்ரரின் காணியில் நிழலுக்கு ஒரு மரம் மிஞ்சியிருக்கவில்லை. பேராசிரியர் பாதி ஆங்கிலமும் பாதி இலக்கணத் தமிழுமாகப் பேசினார். மைக் இடையிடையே கீச்சிட்டு மீதியையும் விழுங்கியது. முன்னால் தொங்கிய பதாகையில் இரண்டு தூண்கள் வரைந்திருந்தன. 'கட்டுப்பாடு' என்ற தூண் 'இயற்கை எதிரிகள்' என்ற தூணைப் போல ஐந்து மடங்கு உயரம். அடியில் பொடி எழுத்தில் பூச்சிக் கணக்கு என்று ஏதோ இருந்தது. மாஸ்ரர் கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தார். தூணை மட்டும் போனில் படம் பிடித்து மகனுக்கு அனுப்பினார்.

பிறகு பொன்னாடை வந்தது. பேராசிரியர் போர்த்தும்போது மாஸ்ரருக்குக் கண் கலங்கியது. முப்பத்தொரு வருடத்துக்கும் சேர்த்து ஒரு துணி. அவர் கேளாமலே மைக்கைப் பிடித்தார். தான் செய்ததெல்லாவற்றையும், வேலி, மதில், குளவி, இரண்டு மருந்து என்று ஒன்றுவிடாமல் சொன்னார். எல்லோரும் தன்னைப் பின்பற்ற வேண்டும் என்று முடித்தார். பேராசிரியர் தண்ணீர் குடித்தார். லவீனா நிலத்தைப் பார்த்தாள். பின்வரிசையில் மயூரதன் எழும்பி நின்று கை தட்டினான்.

எல்லோரும் வடையும் தேநீருமாகக் கலைந்த பிறகு, பல்கலைக்கழகத்து வான் வண்டியின் சாரதி மாஸ்ரரின் காணிக்குள் வந்து பலகையை ஆட்டிப் பிடுங்கினான். மாஸ்ரர் பொன்னாடையோடு ஓடிவந்தார்.

"தம்பி, உதை விட்டிட்டுப் போம். விறாந்தையிலை மாட்ட வேணும்."

"தரேலாது ஐயா. உது திரும்பவும் தேவைப்படும்."

"அப்ப சிமியோன்ரையைப் பிடுங்கேல்லையே?"

"அது அங்கையே நிக்கட்டாம், ஐயா. பயிரைத் தின்னுற பூச்சியளைப் பிடிச்சுத் தின்னுற பூச்சி, குருவியளைத்தானாம் இயற்கை எதிரியள் எண்டுறது. அந்தக் காணியிலை நிறைய இருக்குதாம்."

மாஸ்ரர் பொன்னாடையின் நுனியைக் கையில் பிடித்துக்கொண்டார். "அப்ப, உந்தக் கட்டுப்பாடு?"

சாரதி பலகையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டு வானுக்குள் வைத்தான்.

"நல்ல தோட்டத்தோடை ஒப்பிட்டுக் காட்ட ஒரு நாசமாப்போன தோட்டம் வேணும்தானே ஐயா, அதுக்குத்தானாம் உந்தப் பேர், அடுத்த ஊரிலையும் ஒண்டு பிடிச்சிருக்கினம், உதைக் கொண்டுபோய் அங்கை நட வேணும்."