வாசல் செருப்பு

"இவ்ளோ செருப்பு வாசல்ல கிடந்தா தரச் சான்றிதழ் கிடைக்காது சார்" என்றாள் நர்ஸ் ஜெஸ்லின். "யாராச்சும் தடுக்கி விழுந்தா நம்ம மார்க்தான் போகும்."

டாக்டர் எபினேசர் வாசலைப் பார்த்தார். திருவொற்றியூரில் அவர் கிளினிக்கின் பெருமையே அந்தக் குவியல்தான். செருப்பு கிடந்தால் டாக்டர் வந்துவிட்டார். நிறையக் கிடந்தால் கைராசிக்காரர். அந்தத் தெருவின் நியாயம் அவ்வளவுதான். கிளினிக்கைப் பூட்டும்போதுகூட நாலைந்து ஜோடி மிஞ்சும். "என் மருந்து அப்படி! வலி போன சந்தோஷத்துல செருப்பையே மறந்துடறாங்க" என்று பீற்றிக்கொள்வார், பாவம்.

ஆனால் இன்று அந்தச் சான்றிதழுக்காக ஆய்வாளர் வருகிறார். சான்றிதழ் இருந்தால்தான் எண்ணூர்க் கம்பெனி தன் தொழிலாளர்களை இங்கே அனுப்பும். இல்லையென்றால் கிளினிக்கை மூடிவிட்டு, மாதவரத்தில் மச்சினன் ஆஸ்பத்திரியில் போய்க் கைகட்டி உட்கார வேண்டும். 

உள்ளே இருந்தவர்களின் செருப்புகள் உள்பக்கம் வைத்த புது ரேக்குக்குப் போயின. ஆள் இல்லாத பழசுகளை ஜெஸ்லின் குப்பை வண்டியில் கொட்டினாள்.

"ஐயோ நைனா! அத்தப் போட வாணான்னு சொல்லு!" என்று டாக்டரைப் பார்த்து அலறினாள் தாயம்மா.

தாயம்மா நெட்டுக்குப்பத்து மீன்காரி. அவள் மகளை டெங்குவிலிருந்து மீட்டவர் டாக்டர். அன்றிலிருந்து கிளினிக் படியோரம்தான் அவள் கூடைக்கு இடம்.

"ஏன், உன் செருப்பா அது?" என்றார் டாக்டர்.

"என்னுது இல்ல நைனா... ஆனா வாசலு மொட்டையா கீதே. எவன் உள்ள வருவான்?"

டாக்டருக்கு எங்கிருந்துதான் அப்படிக் கோபம் வந்ததோ. "உன் கூடையையும் தூக்கிட்டுக் கிளம்பு! இந்த நாத்தத்துக்கே எனக்கு சர்டிபிகேட் வராது. இனிமே இந்தப் பக்கம் வராதே!"

தாயம்மா கூடையைத் தலையில் தூக்கி வைத்தாள். ஒரு பொட்டலத்தை ஜெஸ்லின் கையில் கொடுத்தாள். "சங்கரா மீனு. நைனாவுக்குப் புடிக்கும்" என்றுவிட்டு நடந்தாள்.

கொஞ்சம் மெதுவாகச் சொல்லியிருக்கலாம் என்று டாக்டருக்கு அப்போதே உறுத்தியது. சாயங்காலம் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்.

உள்ளே இருந்தவர்கள் மருந்து வாங்கிக்கொண்டு போனார்கள். அதன்பிறகு ஒரு ஈ, காக்கைகூட உள்ளே வரவில்லை. வந்தவர்களும் தெருவிலிருந்தே எட்டிப் பார்த்துவிட்டு, "டாக்டர் இன்னும் வர்ல போல" என்று திரும்பிவிட்டார்கள்.

'டாக்டர் இருக்கிறார்' என்று டாக்டர் போர்டு மாட்டினார்.

"கீறாராம். ஆனா ஒரு ஆளு கூட இல்லியே. யாருக்கோ ஊசி போட்டு இன்னாவோ ஆயிடுச்சோ?" என்றபடி ஒரு குடும்பமே எதிர் ஓரத்துக்குத் தாண்டிப் போனது.

டாக்டர் தானே வாசலில் நின்று, "வாங்க, வாங்க" என்று கூப்பிட்டார். காய்ச்சலோடு வந்த ஆட்டோக்காரர் வண்டியைத் திருப்பினார். "டாக்டரே கூவிக் கூப்புட்றாரு மாமு. இன்னாவோ பேஜாரு" என்று அவர் யாரிடமோ போனில் சொல்லிக்கொண்டே போனது டாக்டர் காதில் விழுந்தது.

அந்த நேரம் பார்த்து ஆய்வாளரின் போன். "தேரடி கிட்ட வந்துட்டேன் டாக்டர். நோயாளிகள்கிட்ட பேசணும். ஆள் இருப்பாங்கல்ல?"

"ஜேஜேன்னு இருக்காங்க மேடம்!"

போனை வைத்தவர் காலி வாசலைப் பார்த்தார். தாயம்மா சொன்னாளே, வாசல் மொட்டை என்று. அவளையா அப்படி விரட்டினோம்? வெட்கம் பிடுங்கித் தின்றது. இப்போது வேறு வழியும் இல்லை. தெருமுனையில் பஷீர் பாயின் செருப்புக் கடைக்கு வெள்ளைக் கோட்டோடு ஓடினார். புதுசு வாங்கிப் போட்டுக்கொள்கிறவர்கள் பழசை அங்கேதான் விட்டுவிட்டுப் போவார்கள்.

"பாய், பழைய செருப்பு கொஞ்சம் வேணும்" என்றார் மூச்சிரைக்க. "எதுக்குன்னு மட்டும் கேக்காதீங்க."

பஷீர் பாய் கேட்கவில்லை. கல்லாவுக்கு அடியிலிருந்து, தயாராகக் கட்டி வைத்திருந்த ஒரு சாக்கை எடுத்து நீட்டினார்.

"உங்க வாசல்ல பரப்பத்தானே, தெரியாதா? இத்தினி வருசமா தாயம்மாதான் வந்து வாங்கிகினு போவும். இன்னிக்கு இன்னா டாக்டர் நீங்களே வந்துட்டீங்க, அதுக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லியா?"