கோட்டுக்கு அந்தப் பக்கம் அரசாங்கம்

மதுரையில் அரசாங்கத்திடம் காசு வாங்குவதற்காகச் சண்டை போட்டவர்களை எண்ணி மாளாது. வாங்க மாட்டேன் என்று சண்டை போட்டவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். அவர் லிண்டல். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று ரேஷன் கார்டில் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு வளவில் நாங்கள் குடியிருந்தோம். வளவு என்றால் ஒரே வாசலுக்குள் வரிசையாக வீடுகள், எல்லாருக்கும் பொதுவாக ஒரு குழாய், குழாயைச் சுற்றி எந்நேரமும் ஒரு சண்டை. என் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர்தான். நான் இந்தப் பக்கம் தும்மினால் அவர் அந்தப் பக்கமிருந்து "நூறு மாப்ள" என்பார். மறுபடி தும்மினால் "இருநூறு" என்பார். அதற்கு மேல் போனால் "போதும், டாக்டரைப் பாரு" என்று முடித்துவிடுவார்.

தொழில் வீட்டு புரோக்கர். ஊரில் பாதிப் பேருக்கு வீடு பிடித்துக் கொடுத்தவர், தான் மட்டும் வாடகை வீட்டிலேயே இருந்தார். அதைக் கேட்டால் கொள்கை பேசுவார்.

"கேளு மாப்ள. வீடு கட்டுறவனுக்கு மானியம்ண்டு காலைப் பேப்பர்ல போடுறாய்ங்க. மத்தியானமே வாடிப்பட்டி ரோட்டுல மனை வெலை ஏறிருது. குடுத்தது அம்புட்டும் மனைக்காரன் பைக்குள்ள போயிருது. நமக்கு மிச்சம் என்ன? மந்திரி கூட நின்ன போட்டோதான்."

"ரேஷன் அரிசியும் மானியந்தானண்ணே? அதைத் தின்னுக்கிட்டுத்தான இருக்கீங்க?"

"அரிசி செரிச்சிரும். வீடு செரிக்குமா? காலம்பூரா தலைக்கு மேல நின்னு, நான் குடுத்தேன் நான் குடுத்தேண்டு சொல்லிக்காட்டிக்கிட்டே இருக்கும்."

அவர் மனைவி சரசக்கா வீட்டிலேயே நைட்டி தைத்துக் கடைக்குக் கொடுப்பவர். மெஷின் ஓட்டத்தை நிறுத்தாமலே பதில் சொல்வார். "பெரிய வீடு கட்டுறவன் பேங்குல லோன் வாங்கி வட்டிக்கு வரியில கழிச்சுக்கிறான். அப்ப ஏறாத வெலை, நான் ஓட்டு வீடு கேட்டா ஏறிருமாக்கும்." லிண்டல் இதற்கு மட்டும் காது கேட்காதவர் மாதிரி துண்டை உதறிக்கொண்டு வெளியே போய்விடுவார்.

வாடிப்பட்டிக்குப் பக்கத்தில் அக்காவுக்கு அவர் அப்பா எழுதிக் கொடுத்த துளியூண்டு மனை ஒன்று இருந்தது. ஒரு நாள் அங்கே அஸ்திவாரம் தோண்டினார்கள். ஏது காசு என்று கேட்ட புருஷனிடம் "சீட்டு எடுத்தேன்" என்றார் அக்கா. அது பாதி உண்மை. மீதிப் பாதி அரசாங்க வீட்டுத் திட்டம். அந்தத் திட்டத்தில் காசை ஒரேயடியாகக் கொடுத்துவிட மாட்டார்கள். அடித்தளம் முடிந்தால் கொஞ்சம், ஜன்னலுக்கு மேலே கான்கிரீட் பட்டை ஓடும் லிண்டல் மட்டம் வந்தால் கொஞ்சம், கூரை போட்டால் கொஞ்சம். ஒவ்வொரு தடவையும் ஓவர்சியர் வந்து, வீட்டுக்குச் சொந்தக்காரரைச் சுவர் முன்னால் நிற்கவைத்து, செல்போனில் படம் எடுத்து அனுப்ப வேண்டும். ஆள் இல்லாத சுவருக்குக் காசு வராது.

லிண்டல் மட்டம் வந்த அன்று நம்மாளும் அங்கே இருந்தார். படம் எடுக்க வந்த ஓவர்சியர் தம்பி நல்ல மனதோடு, "அண்ணே, நீங்களும் அக்கா பக்கத்துல நில்லுங்க" என்றான். இவரும் தலையைச் சீவி, மேல் பட்டனைப் போட்டு, வயிற்றை எக்கிக்கொண்டு நின்றார். படம் எடுத்த பிறகுதான் கேட்டார்.

"எதுக்கு தம்பி போட்டோ?"

"அடுத்த தவணை மானியத்துக்குத்தாண்ணே."

"அழிச்சிரு."

"அது போயிருச்சுண்ணே."

"எங்க போச்சு?"

"சென்னைக்கு."

"அப்ப நானும் சென்னைக்குப் போறேன்" என்று கிளம்பிவிட்டார். மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய், டிக்கெட் விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தார். வந்த வேகத்தில் கொத்தனாரைக் கூப்பிட்டு வேலையை நிறுத்தினார்.

அந்த வீடு அப்படியே நின்றது. ஊர் வெள்ளாடுகள் அதற்குள் குடும்பம் நடத்தின. அந்தப் பக்கம் மனை பார்க்கப் போகிறவர்களுக்கு "லிண்டல் வீட்டுக்கு அடுத்தாப்ல" என்று வழி சொன்னார்கள். கொஞ்ச நாளில் வீட்டின் பெயர் வீட்டுக்காரருக்கு ஒட்டிக்கொண்டது.

அந்த நேரம் பார்த்து வளவின் உரிமையாளர் இடத்தை விற்றுவிட்டார். புரட்டாசி முடிவதற்குள் எல்லாரும் காலி செய்ய வேண்டும். எனக்குத் திருநகரில் வீடு பிடித்துக் கொடுத்தவரே லிண்டல்தான். கமிஷனில் ஒரு பைசா குறைக்கவில்லை. "நீ ஆபீஸ் போறவன். உனக்கெல்லாம் மானியம் கிடையாது" என்றார். தனக்கு மட்டும் அவர் வீடு பார்க்கவில்லை. பார்த்தாலும் அவர் கையிருப்புக்கு அட்வான்ஸ் கட்டுப்படியாகாது என்பது வளவு முழுக்கத் தெரியும். மழைக்காலம் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது.

சரசக்கா கத்தவில்லை, அழவில்லை. ஒரு நாள் காலையில் தையல் மெஷினைக் குட்டி யானை வண்டியில் ஏற்றிக்கொண்டு, கூரையில்லாத அந்த வீட்டுக்குள் போய் உட்கார்ந்துவிட்டார். நாங்கள் பின்னாலேயே ஓடினோம். அக்கா ஆடுகளை ஒரு ஓரமாக ஒதுக்கிவிட்டு, ஜன்னல் கம்பியில் குடையைக் கட்டி, அதற்குக் கீழே நைட்டி தைத்துக்கொண்டிருந்தார்.

லிண்டல் வாசலில் நின்றார். உள்ளே காலை வைக்கவில்லை. "சரசு, வா போவோம்."

"எங்கிட்டு? சொல்லுங்க, வாரேன்."

ஊருக்கெல்லாம் வீடு காட்டினவரால் பெண்டாட்டிக்கு ஒரு திசையைக் கைகாட்ட முடியவில்லை. அவர் முகம் அப்படிச் சுருங்கி நான் பார்த்ததில்லை. எனக்கே சங்கடமாக இருந்தது.

வேலை நின்றதில் பிழைப்புக் கெட்டு, சேதி கேட்டு வந்திருந்த கொத்தனார்தான் வாயைத் திறந்தார். "அண்ணே, பாதிக் காசு அக்கா சீட்டுக் காசு. அதோட நீங்க கொஞ்சம் போடுங்க. மீதிதான் கவுருமெண்டு. நூல் புடிச்சு நடுவுல ஒரு கோடு போட்டுத் தாரேன். நீங்க உங்க பக்கம் மட்டும் பொழங்குங்க." அவர் கேலியாகத்தான் சொன்னார். லிண்டல் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார்.

அப்படியாகக் கூரை ஏறியது. ஹாலுக்குக் குறுக்கே சாக்பீஸ் கோடு விழுந்தது. மேற்கே சொந்தக் காசு, கிழக்கே அரசாங்கம். அடுப்படி அரசாங்கத்தில் மாட்டிக்கொண்டது.

பால் காய்ச்சும் நாளில் இவர் கோட்டைத் தாண்ட மறுத்ததால் ஹோம குண்டத்தைக் கோட்டின் மேலேயே வைத்தார்கள். புருஷன் இந்தப் பக்கம், பெண்டாட்டி அந்தப் பக்கம். ஐயர் கண்ணைக் கசக்கிக்கொண்டு, "புகை எந்தப் பக்கம் போகணும்னு இப்பவே சொல்லிடுங்கோ" என்றார். சாப்பாட்டு இலையைக் கோட்டுக்கு மேலாக நீட்டினார்கள், இவர் இந்தப் பக்கமிருந்து வாங்கிச் சாப்பிட்டார். கக்கூஸ் வேறொரு அரசாங்கத் திட்டத்தில் கட்டியது. அதில் இவர் காட்டிய வைராக்கியம் மறுநாள் காலை வரைதான் தாங்கியது. "அவசரத்துக்குக் கொள்கை கிடையாது மாப்ள" என்று என்னிடம் ரகசியமாகச் சொன்னார்.

அப்புறம் மானியத்தைத் திருப்பிக் கட்டுகிறேன் என்று ஆபீஸுக்குப் போனார். அங்கே எல்லாரும் எழுந்து நின்று அவரைப் பார்த்தார்களாம். வாங்குவதற்கு விண்ணப்பம் உண்டு, திருப்பிக் கொடுப்பதற்கு எதுவும் கிடையாது. "போய் நல்லாருங்கண்ணே" என்று அனுப்பிவிட்டார்கள். அவமானத்தோடு திரும்பினார்.

பிறகு அந்தக் கடனைக் கழிக்க அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். வாடிப்பட்டிப் பக்கம் கூலி வேலைக்குப் போகிறவர்களுக்குக் கமிஷன் வாங்காமல் அலைவது. வீடு பிடித்துக் கொடுப்பார், பட்டாவுக்கு நடப்பார், அதே வீட்டுத் திட்டத்தில் பெயர் சேர்க்கக் கூட்டிக்கொண்டு போவார். வழி நெடுக அந்தத் திட்டத்தைத் திட்டிக்கொண்டே போவார். ஒரு குடும்பம் சொந்த வீட்டில் குடி புகுந்தால், தன் வீட்டுக் கோட்டை அழித்து ஒரு அடி கிழக்கே தள்ளிப் போடுவார்.

"திட்டுறதையே வாங்கியும் குடுக்கிறீங்களேண்ணே?"

"வெலையை ஏத்துறது மானியந்தான் மாப்ள. அதுக்காக வெலை எறங்குற வரைக்கும் மழையை நிப்பாட்டவா முடியும்?"

போன மாதம் போயிருந்தேன். கோடு அடுப்படியைத் தாண்டி, கிழக்கு மூலையில் சரசக்காவின் தையல் மெஷின் வரைக்கும் போயிருந்தது. அன்று காலையில்தான் இன்னொரு குடும்பம் பால் காய்ச்சியதாம். மிச்சமிருப்பதையும் சேர்த்து அழித்துவிட்டால் முழு வீடும் தனதென்று லிண்டல் ஈரத்துணியோடு குனிந்தார். அக்கா மெஷினை நிறுத்தினார். அந்த மெஷின் பேச்சுக்காக நின்று நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"அதை அழிக்காதீங்க."

"ஏன் சரசு? அம்புட்டும் நம்மதாயிருச்சுல்ல?"

"இந்த எடத்தை அரசாங்கம் என் பேரைச் சொல்லிக் கூப்புட்டுக் குடுத்துச்சு. இதை நீங்க மீட்டுத் தர வேணாம். இங்க மட்டும் நான் பாட்டுக்கு உக்காந்துக்கிறேன்."

லிண்டல் துணியைப் பிழிந்து கொடியில் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். அப்புறம் எழுந்துபோய் அவரே டீ போட்டார். டம்ளரை எடுத்துக்கொண்டு மெஷின் பக்கம் போனவர் கோட்டருகில் நின்றார்.

"சரசு, வரலாமா?"

அக்கா தைத்துக்கொண்டே, "வாங்க, சிந்தாம வாங்க" என்றார்.

அரசாங்கம் வீட்டுக்கு மானியம் கொடுக்கலாமா என்று எங்கள் ஆபீஸ் கேன்டீனில் இன்றைக்கும் மேஜையைத் தட்டிப் பேசுகிறார்கள். எனக்கு விலை ஏறுவதும் இறங்குவதும் புரிவதில்லை. அந்த டம்ளர்தான் கண்ணில் நிற்கிறது.

திருநகர் வீட்டில் சுவரெல்லாம் கெட்டி. தும்மிவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருப்பது மட்டும் எனக்கு இன்னும் விடவில்லை.