பத்து மணிக்குப் பாய் காலி

செய்யூர்,
வியாழக்கிழமை.

கர்த்தருக்குள் அன்பான அக்கா பிரிசில்லாவுக்கு, தம்பி மோசஸ் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. இங்கு நானும் வசந்தாவும் சுகம். உன் சுகத்தையும் பெஞ்சமின் மாமாவின் சுகத்தையும் அறிய ஆவல். சுகம் என்று எழுதாவிட்டால் கடிதம் மாதிரியே இருக்காது என்பதால் எழுதிவிட்டேன், உண்மையில் மூன்று நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. தைராய்டு ஆபரேஷன் அக்காவுக்கு, விழுங்க முடியாமல் தவிப்பது தம்பியா என்று வசந்தா கேலி செய்கிறாள்.

போனில் சொல்லக் கூடாதா என்று நினைப்பாய். நீ பதினைந்து நாள் வாய் திறக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருப்பதால் போனை மாமாதான் எடுப்பார், எடுத்ததும் ஸ்பீக்கரில் போடுவார், நான் அழ ஆரம்பித்தால் உங்கள் தெருவே கேட்கும். அதனால்தான் கடிதம். நாளைக் காலை ஷிப்டுக்குப் போகும்போது கம்பெனி பஸ் சிங்கப்பெருமாள் கோயிலில் நிற்கிற இரண்டு நிமிடத்தில் ஓடிவந்து இதை உன் கேட்டில் செருகிவிட்டு ஓடிவிடுவேன். பெல் அடிக்கத் தைரியம் இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். வருகிற ஞாயிறு நம் சர்ச்சில் மாமா வாசிப்பதற்காக நீ எழுதிய சாட்சியைத் திங்கட்கிழமை குடும்ப குரூப்பில் போட்டிருந்தாய் அல்லவா, அதில், "என் கழுத்தில் கத்தி வைத்த பத்து மணிக்கு என் தம்பி மோசஸ் எனக்காக முழங்காலில் நின்றான், அந்த ஜெபம்தான் என்னைத் திருப்பிக் கொண்டுவந்தது" என்று ஒரு வரி வருகிறது. முப்பத்திரண்டு பேர் கைகூப்பியிருக்கிறார்கள். அக்கா, உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன், அந்த வரியை அடித்துவிடு. பத்து மணிக்கு நான் முழங்காலில் நிற்கவில்லை, பத்தரைக்கும் நிற்கவில்லை, அன்றைக்கு முழுவதும் எனக்கு முழங்கால் என்று ஒன்று இருந்ததே ஞாபகம் இல்லை.

உனக்கு ஆபரேஷன் என்று தெரிந்த அன்றே சங்கிலி ஜெபம் ஏற்பாடு செய்தது நான்தான், அதில் பொய் இல்லை. காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை, ஆளுக்கு ஒரு மணி நேரம், பன்னிரண்டு பேர். பீடத்துக்கு முன்னால் ஒரு பாய். அடுத்தவர் வந்து உட்காரும் வரை இருக்கிறவர் எழுந்திருக்கக் கூடாது, எழுந்தால் சங்கிலி அறுந்துபோகும். இதை நானே முந்தின நாள் மைக்கில் மூன்று முறை சொன்னேன். அட்டவணை போட்டு, லேமினேட் செய்து, வாசலில் ஒட்டி, குரூப்பிலும் போட்டேன். ஆபரேஷன் நேரமான பத்திலிருந்து பதினொன்றை வேறு யாருக்கும் கொடுக்க மனமில்லாமல் என் பெயரைப் போட்டு, அதன் கீழே சிவப்புக் கோடும் இழுத்தேன்.

ஒன்பது மணிப் பாயில் வசந்தா. சரியாகப் பத்துக்கு நான் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு காலை உள்ளே வைத்தேன், அவள் என்னைப் பார்த்துவிட்டு, கஞ்சி அடிபிடிக்கிறதே என்று பக்கவாட்டுக் கதவு வழியாகப் போய்விட்டாள். அவள் மேல் தப்பில்லை. இன்னொரு காலை வைப்பதற்குள் போன் அடித்தது. பதினொரு மணிக்கு வரவேண்டிய ஜாய்ஸ், கடப்பாக்கத்தில் பஸ்ஸை விட்டுவிட்டேன் என்கிறாள். சர்ச்சுக்குள் சிக்னல் கிடைக்காது என்று உனக்குத் தெரியும், சவுக்குத் தோப்புப் பக்கம் போய் நின்று அவளுக்குப் பதிலாக நாலு பேரைக் கூப்பிட்டேன். அதில் மூன்று பேர், "பிரைஸ் த லார்ட் பிரதர், நீங்க இருக்கீங்களே" என்றார்கள். எனக்கு அது அப்போது பெருமையாகத்தான் இருந்தது.

போனை வைத்தால் எதிரில் டீக்கடை எல்லப்பன், தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறான். "இன்னா அண்ணாத்த, எப்ப எடுக்குறாங்க? போன மாசங்கூட எங்கடைல டீ குட்சிகினு நல்லா பேசிகினு இருந்துச்சே அக்கா!" என்கிறான். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவன் ரோட்டுப் பக்கம் கையைக் காட்டினான். அங்கே, அக்கா, நீ கோபப்படாமல் படிக்க வேண்டும், நான் சங்கிலி ஜெபத்துக்கு ஒரு பிளெக்ஸ் சொல்லியிருந்தேன், அதை யாரோ வந்து கட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். நடுவில் வட்டத்துக்குள் உன் போட்டோ, இரண்டு பக்கமும் எரிகிற மெழுகுவர்த்தி, மேலே பறக்கிற வெள்ளைப் புறா, கீழே உன் பெயரும் வயதும். கடப்பாக்கத்திலிருந்து வந்த இரண்டு அம்மாக்கள் அதன் கீழே மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்கள், ஒருவர் கையில் ரோஜா மாலை வேறு. பிளெக்ஸ் போடுகிற கார்த்தியைக் கூப்பிட்டுக் கத்தினேன். "அண்ணா, போட்டோ, பேரு, வயசு, சர்ச்சு பேரு, இதான நீங்க அனுப்புனது? வயசு போட்டா நான் இன்னான்னு நெனைக்கிறது?" என்று அவன் திருப்பிக் கத்தினான். ஜெபிக்கிறவர்களுக்கு ஆளைத் தெரியவேண்டுமே என்று வயதைச் சேர்த்தது நான்தான். ஏணி தேடி, ஏணி கிடைக்காமல், எல்லப்பன் தோளில் ஏறி பிளெக்ஸைக் கிழித்து இறக்கி, அந்த அம்மாக்களிடம் நீ உயிரோடு இருப்பதாகச் சத்தியம் பண்ணி, மாலையை என்ன செய்வது என்று தெரியாமல் என் கழுத்திலேயே போட்டுக்கொண்டு சர்ச்சுக்கு ஓடிவந்தபோது மணி பத்து ஐம்பது.

அப்போதுதான் பாய் ஞாபகம் வந்தது. எனக்கு உயிரே போய்விட்டது.

பாய் காலியாக இல்லை. நம் தெருவுக்குப் பால் ஊற்றுகிற காசியம்மாள், பால் கேனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். கண்ணை மூடவில்லை, தலையில் முக்காடு இல்லை. பீடத்தைப் பார்த்து, பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுகிற மாதிரிப் பேசிக்கொண்டிருந்தாள். "அது நல்ல பொண்ணு, சாமி. எம் மவன் ஜுரத்துல கெடந்தப்ப ராவெல்லாம் குந்திகினு இருந்துச்சு. நீ போய் அது பக்கத்துல குந்திக்க. வேற ஒண்ணும் வாணாம்."

நான் வாசற்படியைத் தாண்டவில்லை. அவள் திரும்பி என்னையும் என் கழுத்து மாலையையும் பார்த்தாள். "இன்னா மோசஸு, எங்க பூட்டே? பால் ஊத்த வந்தேன், பாயி காலியா கெடந்துச்சு. ஒருத்தர் வர்ற வரிக்கும் ஒருத்தர் எந்திரிக்கக் கூடாதுன்னு நீதான மைக்குல கத்தினே? அதான் குந்திக்கினேன். உங்க ஜெபம்லாம் எனுக்குத் தெரியாது. அவரும் ஒண்ணும் சொல்லல, கேட்டுகினுதான் இருந்தாரு" என்றாள். எத்தனை மணிக்கு வந்தாய் என்று கேட்டேன். "வசந்தா கஞ்சிக்கு ஓடுச்சே, அப்ப" என்றாள். சங்கிலி அறுந்திருந்தால் அரை நிமிடம்தான் அறுந்திருக்கும், அக்கா. ஆனால் அது என் கண்ணி.

அந்த நிமிடமாவது நான் உட்கார்ந்திருக்கலாம். போன் மறுபடி நடுங்கியது, கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. "எடு, எடு, நான் இன்னுங்கொஞ்சம் குந்திகினு கீறேன்" என்றாள் காசியம்மாள். தோப்புக்கு ஓடினேன். மாமாதான், ஆபரேஷன் நல்லபடி முடிந்தது என்றார். நான் ஓடிவந்து மைக்கைப் பிடித்து அல்லேலூயா என்று கத்த, ஊரே கூடிவிட்டது. போதகர் ஜெபகுமார் ஐயா என்னைக் கட்டிப்பிடித்து, "மோசஸ் ஒரு ஜெப வீரன்" என்றார். கழுத்தில் மாலையோடு நின்றேன். வாயைத் திறந்து உண்மையைச் சொல்லவில்லை. காசியம்மாள் பால் கேனைத் தூக்கிக்கொண்டு கூட்டத்தை விலக்கி, கன்றைக் கட்டவில்லை என்று போய்விட்டாள்.

எனக்கு வெட்கமாக இருக்கிறது, அக்கா. உன் கழுத்தில் கத்தி இருந்த நேரத்தில் உனக்காக நூறு பேரிடம் பேசினேன், பேசவேண்டியவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. யோசித்துப் பார்த்தால் அன்றைக்கு மட்டும் இல்லை. சர்ச்சில் எனக்கு எத்தனை பொறுப்பு என்று வசந்தாவைக் கேட்டேன், ஒன்பது என்றாள், நான் ஆறு என்றல்லவா நினைத்திருந்தேன். நாற்காலி போடுவது, மைக் கட்டுவது, கல்லறைத் தோட்டத்துக்குப் புல் வெட்டுவது எல்லாம் ஆண்டவருக்குத்தான் செய்கிறேன், ஆனால் அவரோடு நான் உட்கார்ந்து எத்தனை வருஷம் ஆயிற்று என்று எனக்கே தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாமா அந்த வரியை வாசித்தால் நான் எங்கே பார்ப்பேன்? காசியம்மாள் வாசலில் பால் ஊற்றிக்கொண்டு அதைக் கேட்டாளானால் ஒன்றும் சொல்லமாட்டாள், அதை நினைத்தால்தான் இன்னும் பயமாக இருக்கிறது. என் பெயரை எடுத்துவிட்டு அவள் பெயரைப் போடு. கமிட்டியில் யாராவது முகம் சுளித்தால் நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஒன்பது பொறுப்பையும் விடுவதாக இன்று காலை ஐயாவிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். போனை வசந்தாவிடம் ஒப்படைத்துவிட்டேன். இன்றிலிருந்து தினமும் மாலை ஐந்திலிருந்து ஆறு வரை அதே பாயில், வேறு எந்த வேலையும் தொடாமல், அவர் பாதத்தில் சும்மா உட்காருவதாகப் பொருத்தனை பண்ணியிருக்கிறேன். உன் தம்பி மாறிவிட்டான், நம்பு.

கர்த்தர் உன் காயத்தை ஆற்றி, குரலைத் திருப்பிக் கொடுத்து, முதல் வேலையாக என்னைத் திட்ட வைப்பாராக. மாமாவுக்கு என் ஸ்தோத்திரம்.

உன் அன்புத் தம்பி,
மோசஸ்.

பி.கு.: மணி ஆறு அடித்துவிட்டது, அக்கா. பொருத்தனையின் முதல் நாள், முதல் ஒரு மணி நேரம் இதுதான். ஐந்து மணிக்குப் பாயில் உட்கார்ந்து கண்ணை மூடினேன், உனக்கு இதை எழுதவேண்டுமே என்ற ஞாபகம் வந்தது, அட்டவணைத் தாள் ஒன்றைத் திருப்பி வைத்து எழுத ஆரம்பித்தேன். இப்போது தலை நிமிர்ந்தால் எதிரில் காசியம்மாள் நிற்கிறாள். எத்தனை நேரமாக நிற்கிறாளோ. "எழுதி முட்ச்சிட்டியா மோசஸு? முட்ச்சிட்டா எந்திரி, நான் கொஞ்சம் பேசணும் அவராண்ட" என்கிறாள். எழுந்துவிட்டேன்.