கட்டுப் பிரிப்பு வைபவம்

அயர்லாந்து தேசத்துப் பெருநாளை அயர்லாந்துக்காரர்களைவிடச் சிறப்பாகக் கொண்டாடிய பெருமை, காவிரிக் கரையில் இருந்த ஒரு மிஷன் ஆஸ்பத்திரியின் கமிட்டியையே சேரும். 1958 மார்ச்சில் அது நடந்தது. அன்று காத்தமுத்து செய்த "தியாகத்தை" அவரைத் தவிர எல்லாரும் பாராட்டினார்கள்.

காத்தமுத்து ஸ்ரீரங்கத்து அரிசி மில் ஒன்றில் மூட்டை தூக்கியவர். இரண்டு கண்ணிலும் புரை விழுந்து, தூணுக்கும் ஆளுக்கும் வித்தியாசம் தெரியாமல் போய் வேலையை விட்டு நின்றார். மேஸ்திரி அழகிரி இரக்கப்பட்டவர்தான். "திங்கக்கிழமை மத்தியானச் சங்கு ஊதறதுக்குள்ள நல்ல கண்ணோட என் முன்னால வந்து நில்லு. இல்லேன்னா வேற ஆளப் போட்டுருவேன்" என்று தவணை சொல்லியிருந்தார்.

அயர்லாந்திலிருந்து சேவை செய்ய வந்திருந்த டாக்டர் பேட்ரிசியா அம்மாள் ஆபரேஷன் செய்தார். ஞாயிற்றுக்கிழமை, கமிட்டியைக் "கலந்தாலோசிக்காமலே", கட்டையும் பிரித்துவிட்டார். ஒரு கண்ணாடியையும் மாட்டிவிட்டார். சன்னல் வழியே பார்த்த காத்தமுத்துவுக்கு, பாதி கட்டி நின்ற மொட்டைக் கோபுரத்தின் மேல் முளைத்திருந்த செடிகூடத் தெரிந்தது.

திங்கட்கிழமை காலை மில்லுக்குக் கிளம்பியவரை வாசலில் மறித்தார் கமிட்டிச் செயலாளர் ரத்தினவேல்.

"எங்கப்பா கிளம்பிட்ட? இன்னைக்கு டாக்டரம்மா ஊர்ப் பெருநாள். உன் கட்டைப் பிரிக்க ராவ்பகதூர் வர்றார்."

"பிரிச்சாச்சுங்களே."

"அதான் தப்பாப் போச்சு. மறுபடி கட்டணும்."

"எனக்குத்தான் கண்ணு தெரியுதேங்க."

"தெரியறவனுக்கு எதுக்குப்பா ராவ்பகதூர்?"

செயலாளர் குரலைத் தாழ்த்தினார். "இது அவங்க ஊர் வழக்கம். பெருநாள்ல குணமானவன் கட்டோட உட்கார்ந்து பெரியவங்க கையால பிரிச்சுக்கணும். நீ மாட்டேன்னா அம்மா மனசு விட்டுப் போகும்."

கண் கொடுத்த அம்மா மனசு விட்டுப் போகலாமா? காத்தமுத்து கண்ணாடியைக் கழற்றி மடியில் செருகிக்கொண்டு தலையைக் கொடுத்தார்.

"சங்கு ஊதறதுக்குள்ள முடிஞ்சிடுமுங்களா?"

"பத்து மணிக்கு டாண்ணு முடிஞ்சிடும்."

நர்ஸ் ரோசம்மாள் முணுமுணுத்துக்கொண்டே கட்டினாள். பந்தலில் அவரைக் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். அயர்லாந்து தேசிய கீதம் நாதஸ்வரக்காரருக்குத் தெரியவில்லை, கெட்டிமேளம் கொட்டினார்கள். சபை எழுந்து நின்று மரியாதை செய்தது. எல்லாம் இருந்தது, ராவ்பகதூர் மட்டும் இல்லை. பத்து மணி போய், பதினொன்றும் போனது.

அப்போது பக்கத்தில் மேஸ்திரியின் குரல் கேட்டது. விருந்துக்கு மில் முதலாளி அனுப்பிய அரிசியை இறக்க வந்திருந்தார்.

"என்னப்பா காத்தமுத்து, இன்னும் கட்டு பிரிக்கலையா?"

"கண்ணு தெரியுதுங்க மேஸ்திரி. நேத்தே தெரிஞ்சிடுச்சு."

"அப்படியா? என் கையில என்ன இருக்கு, சொல்லு."

காத்தமுத்து கட்டுக்குள்ளேயே திருதிருவென்று விழித்தார். "கட்டை எடுத்தாச் சொல்லுவேங்க" என்று கையை முடிச்சுக்குக் கொண்டுபோனார். செயலாளர் பாய்ந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். இன்னொரு கையால் மைக்கைப் பிடித்தார்.

"சபையோர்களே, கட்டைப் பிரிக்கும் முன்பே கண் தெரிகிறது என்கிறார். இதுவல்லவோ நம்பிக்கை."

சபை கைதட்டி ஓய வெகுநேரம் ஆயிற்று. மேஸ்திரி தோளைத் தட்டிக் கொடுத்தார். "மனசத் தளர விடாதப்பா. மூட்டைக்கு நல்லதம்பியப் போட்டுக்கறேன். நீ உடம்பப் பாத்துக்க."

செருப்புச் சத்தம் நகர்ந்துபோயிற்று. எழுந்து பின்னால் ஓடத்தான் நினைத்தார். செயலாளர் கையை விடவில்லை, எந்தப் பக்கம் என்றும் தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் மில் சங்கு ஊதியது. அதற்கும் பிறகு ராவ்பகதூர் வந்தார், கட்டைப் பிரித்தார், போட்டோ எடுத்தார்கள்.

டாக்டரம்மா காத்தமுத்துவிடம் புத்தகத் தமிழில் மெதுவாகக் கேட்டார். "குணமானவருக்கு மறுபடியும் கட்டுகிறீர்கள். உங்கள் தமிழ் வழக்கம் எனக்கு விளங்கவில்லை."

"உங்க ஊர் வழக்கம்னு சொன்னாங்கம்மா. அதுல என் வேலையும் போச்சு."

"எங்கள் ஊரில் இன்று விடுமுறை. அவ்வளவுதான்."

இருவரும் செயலாளரைப் பார்த்தார்கள். செயலாளர் கலங்கவில்லை. இலை போடுவதற்குள் கமிட்டியை அங்கேயே "அவசரமாக"க் கூட்டி, ஏகமனதாக ஒரு தீர்மானம் நிறைவேற்றிவிட்டு வந்தார்.

"கவலைப்படாத காத்தமுத்து. இனிமே ஆஸ்பத்திரி விழா எதுவானாலும் கட்டுக் கட்டிக்கிட்டு உட்கார்ற வேலை உனக்குத்தான். மாசச் சம்பளம். மூட்டை தூக்க வேண்டாம்."

காத்தமுத்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு கமிட்டியை ஒருமுறை நன்றாகப் பார்த்தார்.

"அது வேண்டாங்கய்யா. கண்ணு தெரிஞ்சவன் பாக்கற வேலை ஏதாச்சும் இருந்தாக் குடுங்க."

கமிட்டி தலைகளைச் சேர்த்துக்கொண்டு ஆலோசித்தது. செயலாளர் உண்மையான வருத்தத்தோடு திரும்பி வந்தார்.

"நம்ம கமிட்டியில அப்படி ஒரு வேலையே கிடையாதேப்பா."