நாடி அறுபத்தெட்டு

மனித இனம் நெருப்பை அடக்கிவிட்டது, மின்சாரத்தைக் கம்பிக்குள் அடைத்துவிட்டது. உணர்ச்சியை அடக்குவது ஒன்றுதான் பாக்கி இருந்தது. அதை நான் ஒரு சலவைக் கடையின் மாடியில், பன்னிரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளை வைத்துக்கொண்டு முடித்துக் கொடுத்தேன்.

என் நிலையத்தில் ஆப்ஷன் வியாபாரத்துக்கு வேண்டிய ‘மன ஒழுக்கம்’ மட்டுமே கற்பிக்கப்படும். ஆப்ஷன் ஒன்றும் பெரிய வித்தை இல்லை. இன்ன பங்கு இன்ன தேதிக்குள் விலை ஏறும் என்று நம்பி, பணம் கொடுத்து ஒரு சீட்டு வாங்குகிறோம். ஏறினால் லாபம். ஏறாவிட்டால் அந்தத் தேதியோடு சீட்டு செல்லாக்காசு. நடுவில் பயமும் பேராசையும் புகுந்து காரியத்தைக் கெடுக்கும். ஆகவே ஒவ்வொரு மாணவருக்கும் விரலைக் கவ்வும் பல்ஸ் மீட்டர் ஒன்று ‘இலவசமாக’ வழங்கப்படும். அதன் விலை கட்டணத்திலேயே சேர்ந்திருக்கும். விதி ஒன்றே ஒன்றுதான். நாடி எண்பதைத் தாண்டினால் மவுஸில் கை வைக்கக் கூடாது. எண்பதுக்குக் கீழே இறங்கிய பிறகுதான் வாங்கலாம், விற்கலாம்.

என் தலைசிறந்த மாணவர் ஒரு லிஃப்ட் மெக்கானிக். ஏறுவதும் இறங்குவதும் அவருக்குப் பழகிய சமாச்சாரம் என்பதால் முதல் வாரத்திலேயே தேறிவிட்டார். மகள் வகுப்பில் முதலாவதாக வந்த செய்தியை எழுபத்தொன்றில் கேட்டுக்கொண்டார். மாமியார் படியில் வழுக்கி விழுந்த அன்று எழுபத்துநான்கு. மீட்டரைப் பார்த்துவிட்டுத்தான் அவரைத் தூக்கிவிட்டாராம். வாராந்திர ஆய்வுக் கூட்டத்தில் இதைப் பாராட்டி ஒருமனதாகத் தீர்மானம் போட்டோம்.

அவர் மனைவி வீட்டிலேயே பள்ளிச் சீருடை தைப்பவர். துணியின் ஓரம் பிரியாமல் தைக்கும் ஓவர்லாக் மெஷின் வாங்க நான்கு வருடமாகப் பணம் சேர்த்து வைத்திருந்தார். அந்தப் பணத்தைக் கேட்டபோது கணவர் முகத்தில் ஆசையின் அறிகுறியே இல்லை. இவ்வளவு நிதானமாகக் கேட்கும் மனிதரிடம் எப்படி மறுப்பது? கொடுத்துவிட்டார். அந்தப் பணம் முழுவதும் ஒரே சீட்டாக மாறியது.

சீட்டின் கடைசி நாளன்று மதியம் விலை சரியத் தொடங்கியது. மெக்கானிக் எனக்குப் போன் செய்தார்.

“சார், பாதி போயிடுச்சு. இப்ப வித்தா மீதிப் பாதியாவது கைக்கு வரும்.”

“மீட்டர் என்ன சொல்லுது?”

“நூத்திப் பன்னெண்டு.”

“அப்ப விக்கிறது நீங்க இல்ல, உங்க பயம். எண்பதுக்கு வரட்டும்.”

கீழ்ப்படிந்தார். மூச்சை இழுத்து விட்டார், தண்ணீர் குடித்தார், கண்ணை மூடினார். தையலைப் போட்டுவிட்டு மனைவி பின்னால் வந்து நின்று, விற்றுத் தொலையுங்கள் என்று கெஞ்சினார். பக்கத்தில் யாராவது பேசினால் நாடி நான்கு கூடுகிறது என்று கணவர் கையைக் காட்டி நிறுத்தினார். விலை இறங்க இறங்க நாடி ஏறியது. நாடி ஏற ஏற, கை மவுஸுக்கு ஒரு சாண் தள்ளியே இருந்தது. சந்தை மூடியது. இனிப் பயப்பட எதுவும் இல்லை என்றானதும் நாடி தானாக எழுபத்தாறுக்கு வந்தது. அவர் விதிப்படி ‘விற்க’ என்பதை அழுத்தினார். விற்க ஒன்றும் இருக்கவில்லை.

இப்படிப்பட்ட ஒழுக்கத்தை நான் கண்டதில்லை. தங்க நிற எழுத்தில் சான்றிதழ் அச்சடித்து வைத்தேன். ஆனால் அடுத்த நாள் படியேறி வந்தவர் அவருடைய மனைவி. கழுத்தில் அளவு நாடா தொங்கியது, கழற்ற மறந்திருக்க வேண்டும். நான் எத்தனை சீட்டு வாங்கியிருக்கிறேன் என்று கேட்டார். ஒன்றுகூட இல்லை, எனக்கு அந்தப் பயமெல்லாம் ஒத்துக்கொள்ளாது என்று ஒளிவுமறைவில்லாமல் சொன்னேன்.

“விரலை நீட்டுங்க சார்” என்றார். நீட்டினேன். கணவருடைய மீட்டரை மாட்டினார்.

“என் மெஷின் போச்சு. கைக்கு வந்த சீருடை ஆர்டரை இன்னைக்குக் காலையில திருப்பிக் கொடுத்துட்டேன். நாலு வருஷம் சார். வயிறு எரியுது.”

சொல்லிவிட்டு மீட்டரைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அறுபத்தெட்டு.

“அவருக்காவது நூத்திப் பன்னெண்டு வந்துச்சு” என்றார். “அவரு மனுஷன்.”

மீட்டரை மேசையில் வைத்துவிட்டு இறங்கிப் போனார். சான்றிதழை எடுத்துக்கொள்ளவில்லை.

வாசல் பலகையில் இப்போது ‘பயிற்றுநரின் நாடி: 68’ என்று பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன். அந்த அம்மா சொன்ன மீதியையும் எழுதத்தான் நினைத்தேன். பலகையில் இடம் போதவில்லை.