மூக்கு சாரும் ஏழாம் பெட்டியும்

சித்தூரிலிருந்து திருப்பதி வரைக்கும் மூக்கை வைத்துச் சம்பளம் வாங்கிய ஆள் ஒருவர்தான். எங்கள் மூக்கு சார். நகரிக்காரர். பெயர் பெரிதாக ஏதோ இருந்தது. யாரும் கூப்பிட்டதில்லை.

கார்வேட்டிநகரம் பக்கம் யுரேனியம் இருக்கிறதா என்று பூமியைத் துளைத்துப் பார்த்தார்கள். துளையிலிருந்து கல் உலக்கை மாதிரி உருளையாக வரும். நான் கழுவி, வந்த வரிசையிலேயே மரப்பெட்டியில் அடுக்குவேன். மேல்கல் முதலில், கீழ்கல் கடைசியில். அவ்வளவுதான் வேலை.

சார் அதில் ஒரு துளி உடைத்து இடிப்பார். கரித்துண்டின் மேல் வைத்து ஊதிச் சுடுவார். பிறகு மோப்பம். அழுகின முள்ளங்கி வாடை வந்தால் போதும், முகம் கல்யாண மாப்பிள்ளை முகமாகிவிடும்.

"செலினியம் இது. அந்தக் காலத்துல மணல்கல்லுக்குள்ள தண்ணி ஓடிக்கினு இருந்துது. இதையும் யுரேனியத்தையும் கரைச்சுக்கினு வந்து, பக்கத்துல பக்கத்துல வுட்டுட்டுப் போச்சு. இது வரப்பு, அது கயனி. வரப்பு கெடைச்சா கயனி எங்க போவும்?"

ஆபீசில் கல்லைச் சோதிக்க மிஷின் இருந்தது. நம்பமாட்டார். "மிஷினு ரிப்பேராவும். எனக்கு சளி புடிச்சாத்தான்."

மூக்குக்காக எங்களைப் படுத்திய பாடு! பூ வைக்கக்கூடாது. பவுடர் கூடாது. பங்காருபாளையத்து மாம்பழ லாரி போனால் அன்றைக்கு லீவு. ஒருநாள் சமையல்காரர் முள்ளங்கி சாம்பார் வைத்தார். சார் எல்லாப் பெட்டியிலும் செலினியம் என்று நோட்டில் எழுதிவிட்டார். மறுநாள் அத்தனையும் அடித்தார்.

சார் மோந்து எழுதி முடித்த ஏழாம் பெட்டியை டிராக்டரில் ஏற்றும்போது என் கை நழுவியது. கல் அத்தனையும் உருண்டது. மேஸ்திரி சுற்றிலும் பார்த்தார்.

"எல்லாம் கல்லுதானே, அடுக்கு. வெளிய சொன்னா உனக்கும் வேல போவும், எனக்கும் போவும்."

தோன்றியபடி அடுக்கினேன்.

மறுவாரம் ஐதராபாத்திலிருந்து பெரிய சார் வந்தார். அடுத்த துளை எங்கே என்று அன்றைக்கு முடிவு. மூக்கு சார் ஒரு இடம் குறித்து வைத்திருந்தார்.

"ஏழாம் பொட்டி, மூணாவது வரிசையில வாடை இருக்குது சார். நானே மோந்து எழுதினேன்."

எல்லார் எதிரிலும் சுட்டார். வாடை இல்லை. இன்னொரு தரம் சுட்டார். இல்லை. மற்ற வரிசையைப் பார்க்கப் பெரிய சாருக்குப் பொறுமை இல்லை.

"ஏமய்யா, ஜலுபா?" என்று தெலுங்கில் கேட்டார். ஜலதோஷமா என்று.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மேப்பில் மூக்கு சார் குறித்த இடத்தைக் கோடு போட்டு அடித்தார்கள்.

சாயந்திரம் சார் என்னிடம் வந்தார்.

"ஏம்மா, பொட்டி எங்கனா கீழ வுழுந்துதா?"

"இல்ல சார்."

"நெஜமா?"

"சாமி சத்தியமா சார்."

"நீ பொய் சொல்ற ஆளு இல்ல. அப்ப என் மூக்குதான் போச்சு" என்றார்.

அப்புறம் அவர் கல்லை மோந்து நான் பார்க்கவில்லை. சித்தூர் ஆபீசில் பேப்பர் வேலை கேட்டு வாங்கிக்கொண்டு போனார். பஸ் ஏறும்போது, என் மகள் டென்த் பாஸானால் சொல்லச் சொன்னார். பாஸானாள். எந்த முகத்தோடு போய்ச் சொல்வது? போகவில்லை.

சார், இந்தப் பத்திரிகை சித்தூருக்கும் வரும். கண்ணில் பட்டால் இதை மட்டும் படியுங்கள். பெட்டி விழுந்தது. நான்தான் போட்டேன். உங்கள் மூக்குக்கு ஒன்றும் ஆகவில்லை.